குறைந்தபட்ச வருத்தம் ஆறு

நான் பிடிபட்டது ஒருமுறை. மன்னிப்புக் கேட்டது இரண்டு முறை. முதல் முறை தெருவில் நின்று கேட்டேன். இரண்டாம் முறை அரசாங்கமே மண்டபம் பிடித்து, மைக் வைத்து, பூங்கொத்து வாங்கிக் கேட்க வைத்தது. இரண்டில் எது செல்லும் என்கிறீர்களா? இதென்ன கேள்வி. மண்டபம் பிடித்ததுதான் செல்லும்.

மன்னிப்பு யாரிடம் என்று சொல்லிவிடுகிறேன். தையல்கார அக்காவிடம். அவர் கடைப் பூட்டை உடைத்து, இரண்டு மெஷின் மோட்டாரையும், தைத்து முடித்து மாட்டியிருந்த பதினான்கு உருப்படிகளையும் அள்ளிக்கொண்டு போனவன் நான். அதற்கு நாலு வருடம் உள்ளே இருந்தேன். வெளியே வந்த மூன்றாம் நாள் அவர் கடைக்குப் போனேன். போனேனே தவிர உள்ளே நுழையவில்லை. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். பயமெல்லாம் இல்லை. நாலு வருடமாக நான் ஒரு கதவையும் திறந்ததில்லை. யாராவது திறப்பார்கள், நாம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து பார்த்த அக்கா, எவனோ கடையை நோட்டம் விடுகிறான் என்று கத்தரிக்கோலோடு வெளியே வந்தார்.

“யாருடா நீ? என்ன வேணும்?”

“நான்தாங்கக்கா. அன்னைக்குப் பூட்டை உடைச்சவன்.”

கத்தரிக்கோல் பாதியில் நின்றது.

“அந்த நீலக் கோட்டு என்னடா ஆச்சு?”

“வித்துட்டேங்கக்கா.”

“அது யாரோடது தெரியுமா? மாப்பிள்ளையோடது. கல்யாணத்தன்னைக்குக் காலையில வந்து நின்னான். நான் என்ன பதில் சொல்லுவேன்? நின்ன இடத்துலயே அழுதேன்டா, பாவி.”

ஒரு தாளை எடுத்துப் பதினான்கு பேரின் விலாசத்தை எழுதிக் கையில் கொடுத்தார். “எங்கிட்ட அப்புறம் வா. முதல்ல இவங்ககிட்டப் போய், நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டு வா” என்றார். போனேன். ஒருவர் அறைந்தார். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஒரு அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டார், அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த மாப்பிள்ளைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். “கோட்டு போனா போகுதுப்பா, என் பொண்டாட்டி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுறா, அதுக்கு என்ன பண்ணுவே?” என்றார். பதினொரு நாள் ஆயிற்று எல்லோரையும் பார்த்து முடிக்க. திரும்பி வந்து சொன்னேன். அக்கா கையிலிருந்த ஊசியை என் பக்கம் நீட்டினார்.

“பட்டன் தைக்கத் தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“உக்காரு.”

இதுதான் முதல் மன்னிப்பு. சாட்சி இல்லை, கையெழுத்து இல்லை, புகைப்படம் இல்லை. ஆகவே சட்டப்படி அது நடக்கவே இல்லை.

பட்டனில் தொடங்கி, காலர் வரைக்கும் வந்துவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும் அக்காவிடம் சொல்லிவிட்டுச் சிறை வாசலுக்குப் போவேன். அந்த இரண்டு நாளும் பத்து மணிக்குப் பெரிய கதவுக்குள் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து ஆட்களை வெளியே விடுவார்கள். எதிரே நாற்பது அடியில் ஒரு டீக்கடை. அங்கே நிற்பேன். வருகிறவர் கையில் ஒரு டீயைக் கொடுத்துவிட்டு, “அண்ணே, இனிமே கதவை நீங்கதான் தள்ளணும்” என்பேன். “ரோட்டைக் கடக்கறப்ப ரெண்டு பக்கமும் பாருங்க. உள்ள யாரும் நம்ம மேல வந்து மோதல, இங்க மோதுவாங்க.” வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுப்பேன், பஸ் ஏற்றிவிடுவேன். இரண்டு வருடத்தில் நூற்றுச் சொச்சம் பேர். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நான் வந்த அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லையே என்ற ஆத்திரம், வேறொன்றுமில்லை.

இதைப் பத்திரிகையில் எவனோ நாலு வரி எழுதித் தொலைத்தான். விடுதலையானோர் மறுஇணைப்பு மற்றும் மனநல்லிணக்க வாரியம் அன்றைக்குத்தான் தூக்கம் கலைந்து எழுந்தது. அப்படியொரு வாரியம் இருப்பதே விடுதலையான எங்கள் யாருக்கும் தெரியாது. பத்தே நாளில் சுற்றறிக்கை வந்தது. விடுதலையானவர்களிடம் கண்டவரும் பேசுவது அவர்கள் மறுஇணைப்புக்குக் கேடு, ஆகவே வாரியத்தின் ‘வழித்துணைவர் அட்டை’ இல்லாத எவரும் சிறைவாசலிலிருந்து ஐம்பது அடிக்குள் அவர்களோடு பேசக்கூடாது, பேசினால் நடவடிக்கை. வாசல் காவலர் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, “என்மேல கோச்சுக்காதய்யா” என்றார்.

சரிதான் போ என்று விட்டிருப்பேன். மணிக்காரர் மட்டும் இல்லையென்றால் விட்டிருப்பேன்.

மணிக்காரர் என் பக்கத்துப் படுக்கை. இருபத்திரண்டு வருடத் தண்டனை. அதில் பதினெட்டு வருடம் சிறையின் மணியை அடித்தவர் அவர்தான். மூன்று முறை அடித்தால் எல்லோரும் நடக்க வேண்டும், ஒருமுறை அடித்தால் நிற்க வேண்டும். எண்ணூறு பேரை நடக்கவும் நிற்கவும் வைத்த மனிதருக்கு வெளியே ஒரு ஈ காக்கை கிடையாது. நான் வெளியே வருவதற்கு முந்தின நாள் கேட்டார்.

“நான் வர்ற அன்னைக்கு வாசல்ல நிப்பியா?”

“நிப்பேண்ணே.”

“சும்மா சொல்லாத.”

“சத்தியமா நிப்பேண்ணே.”

அந்த நாள் வர இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அக்காவிடம் மணிக்காரர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அட்டை வாங்க வாரியத்துக்குப் போனேன்.

வாரியத்தின் செயலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். நாற்காலிதான் இல்லை. நான் நீட்டிய விண்ணப்பத்தைக் கண்ணாடி வழியாகவும், கண்ணாடிக்கு மேலாகவும் பார்த்தார்.

“பாதிக்கப்பட்டவங்களோட நல்லிணக்கம் ஆயிருக்கணும்ப்பா. அப்பத்தான் அட்டை.”

“ஆயிடுச்சு சார். அவங்க கடையிலதான் வேலை பாக்கறேன்.”

“யார் முன்னிலையில ஆச்சு?”

“அவங்க முன்னிலையில நானும், என் முன்னிலையில அவங்களும்.”

“வாரியம் எங்க இருந்துச்சு?”

“இங்கதான் சார் இருந்திருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. படிவம் ஒன்றை எடுத்துத் தந்தார். பாதிக்கப்பட்டவர் நிரப்ப வேண்டியது. தற்போதைய வருத்த அளவு, பூஜ்யம் முதல் பத்துக்குள் எழுதவும் என்று இருந்தது. அக்கா நாக்கில் நூலைத் தொட்டு ஊசியில் கோத்தபடியே பூஜ்யம் போட்டுக் கொடுத்தார். இரண்டே நாளில் படிவம் திரும்பி வந்தது. குறைந்தபட்ச வருத்தம் ஆறு இருந்தால்தான் ஏற்க முடியுமாம்.

ஓடினேன்.

“வருத்தமே இல்லாதவங்களுக்கு நாங்க என்னத்தச் சமாதானம் பண்ணி வைக்கிறது?” என்றார் செயலாளர். பாவம், அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. “எங்களுக்கும் இலக்கு இருக்குல்ல? வருஷத்துக்கு நாப்பது நல்லிணக்கம். நீங்க பாட்டுக்கு நீங்களே பேசித் தீர்த்துக்கிட்டா, இத்தனை பேர் எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?”

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் அட்டை வேண்டியவன் வாயைக் கொடுப்பானா?

அக்காவிடம் சொன்னேன். “அவ்வளவுதானே, கொண்டா” என்று ஏழு போட்டார். ஏழு போட்டால் நேரில் வந்து சரிபார்ப்பார்கள் என்று யார் கண்டது? வருத்த மதிப்பீட்டு அலுவலர் என்று ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்தார். அவர் கதவைத் திறந்த நேரத்தில் நானும் அக்காவும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு பேன்ட்டுக்கு இரண்டு காலையும் ஒரே பக்கமாகத் தைத்து வைத்திருந்தேன். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அலுவலர் குறிப்பேட்டைத் திறந்து எழுதினார். பாதிக்கப்பட்டவர் சிரிக்கிறார். காரணம், குற்றவாளி.

பொய்த் தகவல் கொடுத்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கூடவே வழியும் சொல்லியிருந்தார்கள். இருவரும் நாற்பது நாள் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. அந்த இடைவெளியில் வருத்தம் இயற்கையாக உரிய அளவுக்கு வரும் என்று வாரியம் நம்புகிறது. தேவைப்பட்டால் அலுவலர் உதவுவார்.

“போடா, போய் அந்த எழவு அட்டையை வாங்கிட்டு வா. உன் காலர் எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றார் அக்கா. கதவு வரைக்கும் போய் இரண்டு முறை திரும்பி வந்தேன். இதே கடையில் திருடிவிட்டுப் போனபோதுகூட நான் இப்படித் தயங்கியதில்லை.

அலுவலர் வாரம் ஒருமுறை கடைக்குப் போய் அக்காவின் வருத்தத்தைக் கிளறினார். உடைந்த பூட்டின் படத்தைக் காட்டி, “இதைப் பாத்தா உங்களுக்கு என்னம்மா தோணுது?” என்று கேட்பார். “மட்டமான பூட்டு வாங்கிட்டோம்னு தோணுது” என்பார் அக்கா. சும்மா நிற்கிறாரே என்று துணியின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்வார். மூன்றாம் வாரம் அலுவலர் துணியைப் பிடித்தபடியே தன் தம்பி வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட கதையைச் சொல்லி அழுதாராம். அக்கா ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து மூக்கைச் சிந்தச் சொல்லி, “தம்பிகிட்ட ஒரு வார்த்தை நேர்ல பேசினீங்களா?” என்று கேட்டிருக்கிறார். “அதுக்கு நடைமுறை இருக்குங்களே” என்றாராம் அவர்.

எனக்கு வாரியத்தில் மன்னிப்பு வகுப்பு. “அக்கா, தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க” என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பு ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தந்தார். முந்நூறு வார்த்தை வேண்டும், ‘சமுதாயம்’ மூன்று இடத்திலாவது வர வேண்டும், ‘அக்கா’ வரக்கூடாது, உறவு கொண்டாடுவது போல இருக்கிறது. பதினான்கு வீட்டுக்கு நடந்தபோது எனக்கு இவ்வளவு கால் வலிக்கவில்லை.

ஐந்தாம் வாரம் அக்காவின் வருத்தம் ஆறு புள்ளி இரண்டைத் தொட்டது. ஆள் இல்லாமல் வேலை மலையாகக் குவிந்துவிட்டது. “வரவே மாட்டேங்கிறானே கடன்காரன்” என்று அக்கா என்னைத் திட்டியிருக்கிறார். அலுவலர் மகிழ்ந்துபோய் அப்படியே எழுதிக்கொண்டார். காரணத்துக்கு நல்லவேளையாகக் கட்டம் இல்லை.

நல்லிணக்க விழாவுக்குத் தேதி குறித்தார்கள். பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணிக்காரர் வெளியே வரும் அதே வெள்ளிக்கிழமை.

“சார், அன்னைக்குப் பத்து மணிக்கு நான் வாசல்ல நிக்கணும். அதுக்குத்தான் சார் அட்டையே.”

“அதைத்தான்ப்பா நானும் சொல்றேன். அட்டை இல்லாம அங்க நின்னு என்ன பண்ணப்போற? விழா ஒன்பது மணிக்கு. ஒன்பதே முக்காலுக்கு அட்டை உன் கையில. தலைவர் நேரம் தவறாதவர்.”

தலைவர் பதினொன்றேகாலுக்கு வந்தார். அது அவருடைய நேரம், அதைத் தவறவில்லை.

மேடையில் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. அது வருத்தத்துக்கான இடைவெளி என்று விளக்கினார்கள். நாற்பது நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அக்காவைப் பார்க்கிறேன். “இளைச்சுட்டியேடா” என்று வாயசைத்தார். அலுவலர் இருமினார். மேசையில் பித்தளையில் ஒரு கைமணி இருந்தது. பேசுகிறவர் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அடிப்பதற்கு. தலைவர் பேச ஆரம்பித்த ஐந்தாம் நிமிடத்தில் தொகுப்பாளர் பெண் அதை மெல்ல அடித்தார். “அதை அந்தப் பக்கம் வைம்மா” என்றார் தலைவர். மணி அக்காவுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

தலைவர் தொடர்ந்தார்.

“இந்தப் பொறுப்புக்கு வந்து மூணு வருஷம் ஆகுது. இன்னைக்கு வரைக்கும் ஒரு கைதியைக்கூட நான் நேர்ல பாத்ததில்ல. ஆனா ஒவ்வொருத்தரையும் என் சொந்தப் பிள்ளையாத்தான் நினைக்கிறேன்.” கைதட்டல். “என் சொந்தப் பிள்ளைகிட்ட நான் பேசி அஞ்சு வருஷம் ஆச்சு. அதனாலதான் நல்லிணக்கத்தோட அருமை எனக்குத் தெரியுது.” பலத்த கைதட்டல். “மன்னிப்புக் கேக்கறதுல என்ன வெட்கம்? நான் கேட்டதில்ல. தப்பே பண்ணாததனால வாய்ப்புக் கிடைக்கல. இவருக்கு அந்த வாய்ப்புக் கிடைச்சிருக்கு. அந்த வாய்ப்பை இவருக்குக் கொடுத்தது யாரு? இந்த வாரியம்!”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரை. இரண்டரை மணி நேரமாக அந்த வாசலில் மணிக்காரர் என்ன செய்துகொண்டிருப்பார்? ரோட்டில் இறங்கியிருந்தால்? எழுந்து ஓடலாம் என்றால் அட்டை போகும். இருந்தால் மனிதர் போவார். அட்டையே அந்த மனிதருக்காகத்தான் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நாற்பது நாள் வகுப்பின் பலன்.

ஒன்றேகாலுக்கு என்னைப் படிக்கச் சொன்னார்கள். மூன்றாவது ‘சமுதாயம்’ வரும்போது பாதிக்கப்பட்டவர் கண்ணைத் துடைக்க வேண்டும், கைக்குட்டை கொடுத்திருந்தார்கள். இரண்டாவது சமுதாயத்தில் என் குரல் உடைந்தது. செயலாளர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“அந்தாளு எத்தனை மணிக்குடா வெளிய வர்றாரு?”

“பத்துக்குக்கா.”

“இப்ப என்ன மணி?”

“ஒண்ணு இருபது.”

அக்கா அலுவலரைப் பார்த்தார். “என் வருத்தம் இப்பப் பத்து. எழுதிக்குங்க.”

அலுவலரின் முகம் மலர்ந்தது. பத்தெல்லாம் அவர் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. எழுதினார்.

“இவன் மேல இல்ல. உங்க மேல.” பேனா நின்றது. “எனக்குப் பண்ணின தப்புக்கு இவன் பதினாலு வீட்டு வாசல்ல நின்னு அடி வாங்கிட்டு வந்தான். நான் என்னைக்கோ மறந்துட்டேன். இருபத்திரண்டு வருஷம் உள்ள இருந்த மனுஷனுக்கு வரேன்னு வாக்குக் கொடுத்திருக்கான். அவனை இங்க உக்கார வச்சு, சமுதாயம் சமுதாயம்னு பாடம் ஒப்பிக்க வைக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் வேற வேலை வெட்டி இல்லையா? எந்திரிடா.”

மேசையில் இருந்ததையெல்லாம் ஒரேயடியாகப் பைக்குள் தள்ளிக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கினேன். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. “உணர்ச்சிகரமான தருணம்” என்றார் தொகுப்பாளர். வாசல் கதவை நானே தள்ளினேன்.

சிறைக்குப் போய்ச் சேர இரண்டே கால் ஆகிவிட்டது. மணிக்காரர் எங்கும் போயிருக்கவில்லை. சின்னக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அதற்கு ஒரு எட்டு உள்ளே, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். காலையிலிருந்து அப்படியேதான் நிற்கிறாராம்.

“நாங்க என்னய்யா பண்றது?” என்று புலம்பினார் காவலர். “பத்து மணிக்கே திறந்தாச்சு. கையெழுத்து வாங்கியாச்சு. போங்கன்னும் சொல்லியாச்சு. மணி அடிக்கலயேங்கிறாரு. விடுதலை ஆனவரைப் பிடிச்சுத் தள்ளக்கூடாது. உள்ள கூட்டிட்டுப் போகலாம்னா கணக்குல பேரு இல்ல, மத்தியானம் சாப்பாடுகூடக் கொடுக்க முடியல. கதவைச் சாத்தவும் முடியல.”

“புது ஆள் மணியை அடிக்கலயா?”

“மணியை எடுத்துட்டு ஸ்பீக்கர் வச்சு ஒரு மாசம் ஆச்சு. அது அவருக்குக் கணக்குல வரல.”

என்னைப் பார்த்துவிட்டார் மணிக்காரர். முகத்தில் ஒன்றும் அசையவில்லை, கண் மட்டும் நனைந்தது. நான் வாயைத் திறந்தேன்.

“பேசாத!” என்றார் காவலர். “அட்டை இருக்கா?”

“இல்ல.”

“அப்ப வாயைத் திறக்காத. கேமரா இருக்கு. நான் எழுதியாகணும்.”

“நான் பேசலாமா?” என்றார் அக்கா.

“உங்களுக்கும் அதேதாம்மா.”

அக்கா பைக்குள் கையை விட்டுத் துழாவினார். கைக்குட்டை வந்தது, என் முந்நூறு வார்த்தை வந்தது, அதற்கும் அடியிலிருந்து வாரியத்தின் பித்தளை மணி வந்தது. அதை எடுத்து வந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

“மணி அடிக்கலாமா?”

காவலர் சட்டைப்பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்தார். முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்தார்.

“மணியைப் பத்தி ஒண்ணும் போடல.”

அக்கா அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

மணிக்காரர் நடந்தார். படியைத் தாண்டினார், வாசலைத் தாண்டினார், இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டில் இறங்கினார். நான் கையை விரித்துக்கொண்டு ஓடி ஒரு லாரியை மறித்தேன். லாரிக்காரர் திட்டினார், திட்டட்டும். டீக்கடையையும் தாண்டி, ஐம்பத்தோராவது அடிக்கு வந்ததும் அக்கா ஒருமுறை அடித்தார். மணிக்காரர் நின்றார்.

“வாங்கண்ணே” என்றேன். அழுதுவிட்டேன். யாரும் கைக்குட்டை கொடுத்து ஏற்பாடு செய்யாத அழுகை.

அவர் மணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சத்தம் சன்னமா இருக்கேடா” என்றார்.

பத்து நாளில் அக்காவுக்கு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. நிகழ்ச்சி மேடையிலிருந்த பித்தளை மணி ஒன்று தங்களால் எடுத்துச் செல்லப்பட்டுள்ளது. இதில் வாரியமே பாதிக்கப்பட்ட தரப்பு. வாரியத்தின் வருத்த அளவு பத்து. ஆகவே தாங்கள் நல்லிணக்கத்துக்குத் தகுதி பெறுகிறீர்கள், வாழ்த்துகள். விழா செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

செவ்வாய்க்கிழமை எங்களுக்குத் தோதுப்படாது. செவ்வாயும் வெள்ளியும் டீக்கடையில் வேலை இருக்கிறது. நான் வாயைத் திறப்பதில்லை, மணிக்காரர் அடிப்பார், வருகிறவர்கள் நடந்து வருவார்கள், ஐம்பத்தோராவது அடியில் பேசிக்கொள்வோம்.

ஆனாலும் அக்கா சட்டத்தை மதிக்கிறவர். படிவத்தை நிரப்பி அனுப்பினார். செய்த குற்றத்துக்காகத் தங்கள் வருத்த அளவு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார்.

திரும்பி வந்துவிட்டது. குறைந்தபட்சம் ஆறு வேண்டுமாம்.